பார்வையும் ஓர் அமானிதம்

மனிதனுக்கு அருளப்பட்ட செல்வங்களுள் கண்ணொளிக்கு ஈடானது அரிது. பொருளைச் செலவிட்டால் கணக்குண்டு. பார்வையைச் செலவிட்டாலும் கணக்குண்டு. செவியும் விழியும் உள்ளமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவை ஒவ்வொன்றைக் குறித்தும் விசாரணை உண்டென்பது நம் நம்பிக்கை. ஆகாதவற்றைப் பார்க்கலாகாது என்னும் பாடத்தை நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஊட்டிவிடுகிறோம். ஆனால், ஆகுமானவற்றை எவ்வாறு பார்த்தல் வேண்டும் என்னும் பாடத்தைப் பெரும்பாலும் நாம் சொல்லித் தருவதில்லை. இவ்விரண்டாம் பாடத்துக்கு வாய்ப்பான ஓர் இடத்தை ஈண்டு எடுத்துக்கொண்டு ஆராய்வோம். கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் காட்சியகமே அவ்விடம். அங்கே நம் கைகளில் தாமாகவே உயரும் காமிராவே அப்பொருள்.

சேத்தூர் மலையடிவாரத்து ஊர். மேற்கே நெடிதுயர்ந்த தொடர்ச்சி மலை; கிழக்கே கண்மாயும் வயலும் தோப்பும். கடலென்பது இங்கு வாழ்வோர்க்குக் கருவாட்டுக் கடையின் வாசனையாகவும், பனிக்கட்டிக்குள் புதைந்து வரும் மீனாகவுமே அறிமுகம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பிறந்த நம் சகோதரர்களின் நிலை வேறு. அவர்களுடைய முன்னோருள் பலர் முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கியவர்கள். கடலைத் தம் உடம்பால் அறிந்தவர்கள். மன்னார் வளைகுடாவின் பெரிய முத்துக்குளிப்புகளில் கடைசியானது 1961-ல் நிகழ்ந்தது. அந்த அறிவும் இன்று அருகிவிட்டது. ஆகவே, மலையோரத்துப் பிள்ளைக்கு மட்டுமன்றிக் கடலோரத்துப் பிள்ளைக்குங்கூட, கடலின் உள்ளகத்தைக் காட்டும் பலகணி இன்று கண்ணாடித் தொட்டிதான். பள்ளிச் சுற்றுலாவிலும் பொருட்காட்சித் திடலிலும் அத்தொட்டியைக் கண்டு திரும்பும் பிள்ளைகளின் கைப்பேசியில் நூறு மீன்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றன் துடுப்பு எங்கே இருந்தது எனக் கேட்டால், விடைக்காக அக்கைப்பேசியையே திறப்பார்கள்.

அத்தகைய மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், மீனைப் படம் எடுப்பது ஆகுமா?” அவர் எதிர்பார்த்தது ஒற்றைச் சொல்லாலான விடை. ஆனால் அக்கேள்விக்குள் நான்கு கேள்விகள் அடங்கியுள்ளன. படம் என்னும் செயல் ஆகுமா? படத்துக்கு ஆளாகும் உயிருக்கு நாம் பட்ட கடன் யாது? படத்தைக் காணப்போகும் மற்றவர்க்கு நாம் பட்ட கடன் யாது? படம் எடுக்கும் நம்முடைய உள்ளத்துக்கு அதனால் விளைவது என்ன? இவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதே முறை.

தொட்டியின் கதை

முதலில், காட்சியகம் என்பது எவ்வாறு வந்ததென அறிவோம். இலண்டன் மாநகரின் விலங்கியல் தோட்டத்தில் 1853-ல் பொதுமக்களுக்கென மீன்காட்சி இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்க் கடல் உயிரினத்தைக் காண விரும்பியவர், அது கரையில் செத்துக் கிடக்கவோ, சாராயக் குப்பியில் நிறமிழந்து மிதக்கவோதான் கண்டனர். உயிரோடு, அதன் நடையோடும் நிறத்தோடும் காணக்கிடைத்தது அப்பொழுதுதான். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ல் அத்தகைய காட்சியகம் ஒன்று எழுந்தது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-ல், அது மூடப்பட்டது. பம்பாயில் தாராபோர்வாலா மீன்காட்சியகம் 1951-ல் திறக்கப்பட்டது. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், தலைக்கு மேலும் மீன்கள் நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்தோடு கூடிய காட்சியகம் 2019-ல் வந்தது.

காமிராவும் ஏறத்தாழ அதே காலத்தில் நீரை நாடிற்று. 1856-ல் வில்லியம் தாம்சன் என்னும் ஆங்கிலேயர் காமிராவைப் பெட்டியொன்றில் அடைத்து வேமத் கடலில் இறக்கிப் படம் எடுத்தார். 1893-ல் பிரெஞ்சு அறிஞர் லூயி பூத்தான் தாமே மூழ்கி எடுத்தார். அது கடினமான வேலை. எனவே தொட்டியின் முன் நின்று எடுப்பதே பலர்க்கும் வழியாயிற்று. ழான் பென்லவே என்னும் பிரெஞ்சுக்காரர் 1934-ல் கடற்குதிரையைப் பற்றிய குறும்படம் ஒன்றை வெளியிட்டார். ஆண் கடற்குதிரையே தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சுகளை ஈனும் அதிசயத்தை அப்படம் மக்கள் கண்முன் நிறுத்திற்று. அக்கடற்குதிரையின் இனத்தவை நம் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கின்றன. அவை வலைகளில் அள்ளப்பட்டு உலர்த்தி ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தமையால், 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை சேர்க்கப்பட்டன. ஓர் உயிரை அறிந்தாலன்றி அதற்காகப் பரிந்து பேச ஒருவருக்கும் தோன்றாது. தொட்டிக்கும் படத்துக்கும் உரிய நியாயம் இதுவே. அந்நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

உருவம் பற்றிய வினா

இனி முதற் கேள்வி. உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்போரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் நாம் அறிந்தவை. காமிரா தோன்றியபோது, அதன் படமும் அக்கண்டனத்துக்குள் அடங்குமா என்னும் விவாதம் உலமாக்களிடையே எழுந்தது. 1914 முதல் எகிப்தின் பெரிய முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, இதற்கெனவே தனி நூல் எழுதி, காமிராப் படம் ஆகுமானதென வாதித்தார். இறைவன் படைத்த பொருளின் நிழலைக் கருவியொன்றால் பிடித்து நிறுத்துவதே இது. படைப்புக்கு ஒப்பாகப் புதிதொன்றைச் சமைப்பதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்றதே இது எனக் கருதியோர் அவரைத் தொடர்ந்தனர். மறுபுறத்தில், நம் துணைக்கண்டத்து முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் இதனை ஏற்கவில்லை. அவரும் தனி நூல் எழுதினார். இருதரப்பும் இறையச்சமுடைய அறிஞர்களே. வாசகர் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆகும் என்று சொன்ன பெருமக்களின் வாதம் ‘நிழலைப் பிடித்து நிறுத்தல்’ என்னும் கருத்தின்மீது நிற்கிறது. அப்படியாயின், பிடிக்கப்படும் நிழல் உண்மையான நிழலாக இருத்தல் வேண்டுமன்றோ? நிழலுக்குரிய உயிரை வருத்தியோ, நிழலைத் திரித்தோ எடுக்கப்படும் படத்துக்கு அவ்வாதம் எவ்வாறு துணைநிற்கும்? ‘ஆகும்’ என்னும் தீர்ப்புக்குப் பிறகே ஒழுக்கம் பற்றிய ஏனைய கேள்விகள் தொடங்குகின்றன.

உயிருக்குரிய கடன்

அடைத்து வைக்கப்பட்ட உயிர் பற்றி நம் மார்க்கத்தில் இரண்டு செய்திகள் புகழ்பெற்றவை. ஒன்று, பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரைதேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணின் செய்தி. மற்றொன்று, அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அக்குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்த செய்தி. இரண்டாம் ஹதீஸிலிருந்து அறுபது பயன்களைத் திரட்டித் தனி நூல் யாத்தார் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ். பறவையை வளர்ப்பது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். இரண்டையும் சேர்த்து நோக்கின் ஒரு விதி துலங்கும்: ஓர் உயிரை நம் வசம் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் வைத்துக்கொண்ட நொடியிலேயே அதன் தேவை முழுவதும் நம் கழுத்தில் ஏறிவிடுகிறது.

மீனுக்குத் தேவை என்பது இரை மட்டுமா? கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அந்த அளவு பேணப்படல் வேண்டும். தக்க வெப்பம் வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். இரவுக்கு இருள் வேண்டும். அதன் இயல்புக்கேற்ற வெளி வேண்டும். கடற்குதிரை தன் வாலால் கடற்புல்லைப் பற்றிக்கொண்டு சிறு வெளியில் காலம் கழிப்பது. ஓங்கிலோ நாள்தோறும் நெடுந்தொலைவு நீந்துவது. அதனைத் தொட்டியில் நிறைவுசெய்ய இயலாது. நம் நாட்டரசு 2013-ல் ஓங்கில்களை அடைத்துக் காட்டும் காட்சியகங்களுக்கு இசைவில்லை என அறிவித்தது இக்காரணம் பற்றியே. ஆகவே ‘தொட்டி தகுமா’ என்னும் கேள்விக்கு எல்லா உயிர்க்கும் பொதுவான ஒரே விடை இல்லை. எந்த உயிர், எந்த அளவு, எத்தகைய பராமரிப்பு என்று பிரித்தே விடை கூறுதல் வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கும் நாமும் அப்பராமரிப்பில் பங்காளிகள் ஆகிறோம். நம் பணமும் நம் பார்வையுமே அத்தொட்டியை நிரப்பி வைக்கின்றன.

அடுத்து, படம் எடுக்கும் செயலால் நேரும் துன்பம். காட்சியகங்கள் பலவற்றில் ஃபிளாஷ் ஒளியைப் பயன்படுத்தலாகாது என எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லை. அவற்றின் கண்மணியும் நம்முடையதைப் போல் ஒளிக்கேற்பச் சுருங்குவதில்லை. வேண்டாத ஒளியை மறுக்கும் வாயிலே அவற்றுக்கு இல்லை. எனவே இத்தடை நியாயமானதெனத் தோன்றும். ஆயினும் அறிவுக்கு நேர்மையாக நடப்போர் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2019-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் கட்டுரையொன்று, கடற்குதிரை உள்ளிட்ட அடித்தரை மீன்கள் சிலவற்றைச் சோதித்துப் பார்த்தது. ஃபிளாஷ் ஒளியால் அவற்றின் கண்களுக்குச் சேதம் நேரவில்லை. மனிதன் அருகில் நிற்பதனால் உண்டாகும் கலக்கத்தைவிட ஒளியால் மிகுதியான கலக்கம் விளையவும் இல்லை. ஆனால் நல்ல படத்துக்காக அவற்றைத் தொட்டு நகர்த்துவதே பெருந்துன்பம் தந்தது என அது கண்டது.

இதனால் தடையை மீறலாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. சில இனங்களில் கண்ட முடிவு எல்லா இனங்களுக்கும் சட்டமாகிவிடாது; அது தவறான கியாஸ் ஆகும். தீங்கைத் தவிர்ப்பது பயனைத் தேடுவதற்கு முந்தியது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அன்றியும், நிபந்தனையை ஏற்று ஓர் இடத்தில் நுழைந்தவர் அந்நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர். எனினும் அவ்வாய்வு வேறொரு பாடத்தை நமக்குப் புகட்டுகிறது. மீன் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கண்ணாடியைத் தட்டும் கையும், தொடுதொட்டியில் நட்சத்திர மீனை நீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் கையும், நாம் கவனியாமல் விட்டுவிடும் கொடுமைகள். ஃபிளாஷை அணைத்துவிட்ட நிம்மதியில் கண்ணாடியைத் தட்டுவோரை எங்கும் காணலாம். எழுதி ஒட்டப்பட்ட தடைக்குப் பணிந்து, எழுதாத தடையை மீறுவது உயிரின்மீது கொண்ட இரக்கம் ஆகாது. அது அறிவிப்புப் பலகையின்மீது கொண்ட அச்சம் மட்டுமே.

மறைக்கப்படும் கண்ணாடி

மூன்றாம் கேள்விக்கு வருவோம். இதுவே இக்கட்டுரையின் நடுநாயகம்.

தொட்டியின் முன் நல்ல படம் எடுப்போரின் கலை எதில் இருக்கிறது தெரியுமா? கண்ணாடியை இல்லாததுபோல் ஆக்குவதில்! லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடிப்பார்கள். சாய்வாகப் பிடித்தால் ஒளி வளைந்து உருவம் கோணும். கருநிற ஆடை அணிவார்கள். வெளிர் ஆடை கண்ணாடியில் நிழலாடும். ஃபிளாஷ் ஒளியை விலக்குவதும் மீனுக்காக மட்டுமன்று. அவ்வொளி கண்ணாடியில் பட்டு மீண்டு படத்தைக் கெடுத்துவிடும். நீருக்குள் இருப்பதை நேராக நோக்கும்போது அது உள்ள தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தோன்றும். ஒளி வளையும் இவ்வியல்பை நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்தனர். பக்தாதில் இப்னு ஸஹ்ல் 984-ஆம் ஆண்டளவில் ஒளிவிலகலின் கணக்கைக் கண்டார். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலில் பார்வையின் இயல்பை விளக்கினார். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைக் கொண்டே வானவில்லின் மருமத்தைத் துலக்கினார். கண்ணாடிக்குள் அடைத்த நீர் அன்றே ஞானத்தின் கருவியாய் இருந்தது. அவர்கள் அனைவரும் ஆராய்ந்தது, கண் எங்கே ஏமாறுகிறது என்பதை. இன்று நாமோ, அதே அறிவைக் கொண்டு பிறர் கண்ணை ஏமாற்றுகிறோம்.

கண்ணாடி மறைந்த படம் ஊரெங்கும் செல்கிறது. காண்போர் அதனைக் கடல் என்றே எண்ணுகின்றனர். இதிலென்ன குற்றம், விற்றுப் பணமா பண்ணினோம் எனச் சிலர் கேட்கலாம். மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த செய்தியை நினைவுகூர்வோம். மழையில் நனைந்துவிட்டது என வணிகர் கூறினார். ஈரத்தை மேலே வைத்து மக்கள் காணச் செய்திருக்கலாமே என்பதே அண்ணலாரின் கேள்வியாக இருந்தது. தானியம் நனைந்ததைக் குற்றமாக அவர்கள் கருதவில்லை. நனைந்ததை அடியில் மறைத்ததையே கண்டித்தார்கள். அதுபோல, மீன் தொட்டியில் இருப்பது மறைக்கத்தக்க குற்றமன்று. தொட்டியை அடியில் மறைத்துக் கடலென மேலே காட்டுவதே குற்றம்.

உலகத்தாரும் இதனை உணர்ந்துள்ளனர். உயிரினப் படங்களுக்கென நடைபெறும் புகழ்பெற்ற பிரிட்டானியப் போட்டியொன்றில் 2009-ல் முதற்பரிசு பெற்றது ஓர் ஓநாய்ப் படம். அந்த ஓநாய் காட்டு ஓநாயன்று, பழக்கப்பட்ட வளர்ப்பு ஓநாயாகவே இருத்தல் கூடும் என நடுவர்கள் முடிவுசெய்து, 2010 சனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். படம் அழகில் குறைந்துவிடவில்லை, உண்மையில் குறைந்துவிட்டது.

இப்பொய்யால் விளையும் கேடு சிறிதன்று. 2016-ல் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் கடல்நீரின் வெப்பத்தால் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த அப்பகுதி, 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவது. இருந்தும் வெப்பம் அதனை விட்டுவைக்கவில்லை. அவ்வேளையில், செயற்கை விளக்கொளியில் ஒளிரும் தொட்டிப் பவளத்தைக் கடற்பவளமென நம்பும் பிள்ளை, கடல் நலமாகவே இருக்கிறது என்றன்றோ எண்ணும்? நோயாளியின் பழைய படத்தைக் காட்டி உறவினரை ஆற்றிவிடுவது போன்றதன்றோ இது?

காண்பதும் கவர்வதும்

இறுதியாக, நம் உள்ளத்துக்கு விளைவது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றைக் குறிப்பிடல் தகும். லிண்டா ஹென்கெல் என்னும் உளவியல் அறிஞர், அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச்சென்று, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே நோக்கவும் செய்தார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைப் பற்றிய நினைவு குறைந்திருந்தது. காமிரா நினைவு வைத்துக்கொள்ளும் என்னும் துணிவில் மனம் தன் கடமையைக் கைவிட்டது போலும்! ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தோர்க்கு நினைவு அவ்வாறு குறையவில்லை. குறை கருவியில் இல்லை, கவனத்தில் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

படைப்புகளைச் சிந்தித்து நோக்குதல் நம்மிடையே வணக்கத்தின் ஒரு பகுதியாகப் போற்றப்படுவது. கஸ்வீனியும் தமீரியும் உயிரினங்களைப் பற்றி எழுதிய பெருநூல்கள் அந்நோக்கின் விளைவுகளே. நோக்குவோன் தன்னைச் சிறியவனாக உணர்கிறான். கவர்வோனோ பொருளைத் தன்னுடைமையாக எண்ணுகிறான். ‘கண்டேன்’ என்பதைக் காட்டிலும் ‘எடுத்தேன்’ என்பதில் மகிழ்கிறான். இரண்டும் ஒரே கண்ணால், ஒரே தொட்டியின் முன் நிகழ்வன. வேறுபாடு நிய்யத்தில் உள்ளது. பிள்ளையின் உள்ளத்தில் இவற்றுள் எது வேரூன்றுகிறது என்பது அன்று அருகில் நிற்கும் தாய் தந்தையரின் கையிலுள்ளது.

எனவே, கேட்ட மாணவர்க்கும் அவர்போன்ற பிள்ளைகளை அழைத்துச்செல்லும் பெற்றோர்க்கும் சொல்லத்தக்கது இதுவே. தொட்டியின் முன் நின்றதும் காமிராவை எடுக்காதீர்கள். அம்மீன் தொட்டியை ஒருமுறை சுற்றிவரும் வரையேனும் வெறுங்கண்ணால் நோக்குங்கள். அதன் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். அது எந்தக் கடலுக்குரியது, எதை உண்பது, எதற்கு அஞ்சுவது எனப் பேசுங்கள். அதன் பிறகும் படம் வேண்டுமெனில், ஒளியின்றி, ஓசையின்றி, பின்னால் காத்திருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண்ணை மறைக்காமல், ஒன்று எடுங்கள். ஒருமுறையேனும் சட்டத்துக்குள் தொட்டியின் விளிம்பும் தெரியட்டும். உறவினருக்கு அனுப்புகையில், ‘இது தொட்டியில் வாழும் மீன்; இதன் இனத்தார் மன்னார் வளைகுடாவில் உள்ளனர்’ என ஒருவரி எழுதிவிடுங்கள். அந்த ஒருவரியால் படம் சாட்சியம் ஆகிவிடும். பொய்ச் சாட்சியத்துக்கும் மெய்ச் சாட்சியத்துக்கும் உள்ள தொலைவு நாம் அறியாததன்று.

பறவைகளும் விலங்குகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் போதனையை ஏற்றவர்கள் நாம். ஒரு சமுதாயத்தைச் சேர்ந்தவரை அவருடைய நாட்டினின்றும் பிரித்துக் கொணர்ந்து நம் முன் நிறுத்தியிருக்கும்போது, அவரை எவ்வாறு நோக்குவோம்? விருந்தினரை நோக்குவது போலன்றோ? விருந்தினரின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சமாட்டோம். அவர் வீட்டுக் கதவைத் தட்டித் துன்புறுத்தமாட்டோம். அவரைப் பற்றி ஊரில் பொய் சொல்லமாட்டோம். இமையற்ற கண்ணோடு நம்மை நோக்கி நிற்கும் அவ்வுயிருக்கு நம்மிடமிருந்து கிடைக்கத்தக்கது இம்மட்டுமே. இதனையும் மறுப்போமாயின், பார்வை என்னும் அமானிதத்துக்கு நாம் என்ன கணக்குச் சொல்வோம்? காணும் கண்ணையும், கண்டதை மெய்யாய்ச் சொல்லும் நாவையும் எல்லாம் வல்லோன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக!